பாரோ, லெண்ட்: கடனா, இரவலா, கைமாற்றா?

கொடைக்கானலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் ஏரிக்கரைக் கடைகளில் இப்படி யாராவது கேட்பதைக் கேட்கலாம்: "அங்கிள், கேன் யூ பாரோ மீ யுவர் அம்பரெல்லா?" கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும், குடையையும் எடுத்துக் கொடுப்பார். வாக்கியம்தான் தப்பு. 'கேன் ஐ பாரோ' என்று கேட்டிருக்கலாம், அல்லது 'கேன் யூ லெண்ட் மீ' என்று கேட்டிருக்கலாம். இரண்டையும் கலந்தால் நிற்காது.

பாரோ வாங்குகிறவரின் வினை, லெண்ட் கொடுக்கிறவரின் வினை. எழுவாய் யார் என்று பார்த்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. பாரோவோடு 'ஃப்ரம்' வரும், லெண்டோடு 'டு' வரும்; 'லெண்ட் மீ' என்று ஆளை உடனே சொன்னால் மட்டும் 'டு' வேண்டாம். இன்னொன்று, இடம்விட்டு எடுத்துப்போக முடியாததற்கு ஆங்கிலத்தில் பொதுவாக பாரோ சொல்வதில்லை. விடுதியில் கழிப்பறையைக் கேட்க 'மே ஐ யூஸ்' என்பதே சரி.

நமக்கு ஏன் இது குழம்புகிறது? தமிழில் 'கடன்' பெயர்ச்சொல். எந்தப் பக்கம் போகிறது என்பதை 'கொடு', 'வாங்கு' என்ற வினைகள்தான் சொல்கின்றன. கடனை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனால் கையில் கிடைத்த வினை வாயில் வந்துவிடும். ஜெர்மன் மொழியின் 'லைஹன்', டச்சு மொழியின் 'லேனன்' இரண்டும் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பொதுவானவை. அந்த மொழிக்காரர்களும் ஆங்கிலத்தில் இதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்.

பாரோவின் வேர், ஈடு அல்லது பிணை என்று பொருள்படும் 'போர்க்' என்ற பழைய ஆங்கிலச் சொல். ஈடு வைத்து வாங்குவதே முதல் பொருள். லெண்ட், லோன் இரண்டும் உறவுச் சொற்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 'கடன் வாங்கு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலம் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதைப் பிரிக்கிறது. தமிழோ எது, எப்படித் திரும்பி வரும் என்பதையும் சேர்த்துப் பிரிக்கிறது. பூம்பாறையில் பூண்டு போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் மருந்தடிக்கும் பம்பு வாங்கினால் அது இரவல்: அதே பம்பு திரும்ப வர வேண்டும். ஆள்கூலிக்குச் சில்லறை குறைந்து, இரண்டு நாளில் தருகிறேன் என்று ஐந்நூறு ரூபாய் வாங்கினால் கைமாற்று: வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. வங்கியில் வாங்குவதுதான் கடன். இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பாரோ ஒன்றே.

விதைப்பூண்டு வாங்கி, அறுவடைக்குப் பிறகு அதே எடைக்குப் புதுப்பூண்டு திருப்பித் தந்தால்? வாங்கிய பூண்டே திரும்புவதில்லை, அதனால் இரவல் இல்லை. அதற்கும் பழைய சொல் ஒன்று இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவு எதிர்கொடுப்பது. "வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து" என்பது 221ஆம் குறள். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோமே, அதற்கு இவ்வளவு கச்சிதமான சொல் இருந்தும் வழக்கில் இல்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நூலகப் புத்தகத்துக்காவது 'இரவல்' என்பதை விடாமல் சொல்ல வேண்டும்.

பள்ளிக் கணக்கில் மட்டும் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றே நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

சொல்லைக் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் வங்கிப் படிவம். லெண்டர் என்றால் கடன் கொடுப்பவர், பாரோயர் என்றால் கடன் வாங்குபவர். கேரண்டர் ஜாமீன்தாரர். கோ-பாரோயர் அப்படியல்ல, அவரும் கடன் வாங்குபவர். சும்மா சாட்சிக்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், அந்த இடத்தில் கோ-பாரோயர் என்று அச்சடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்தக் கடனைக் கட்டும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.