மலை ஊர்களில் காலை டிபன்: டம்ளரில் இருப்பது கொதித்த தண்ணீரா, விளாவிய தண்ணீரா?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலை ஏழு மணிக்கு ஹோட்டலில் உட்கார்ந்ததும் பலரும் முதலில் கேட்பது சுடுதண்ணீர். டம்ளரைப் பிடித்தால் விறைத்த கைக்கு இதமாக இருக்கிறது. சூடாக இருப்பதால் நல்ல தண்ணீர்தான் என்று குழந்தைக்கும் கொடுத்துவிடுகிறோம். கோட்டை விடுவது இங்கேதான்.

உடனே குடிக்கிற சூட்டில் மேசைக்கு வரும் தண்ணீர் பல கடைகளில் விளாவியது. அடுப்பிலிருந்து ஒரு செம்பு, டிரம்மிலிருந்து இரண்டு செம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 92 டிகிரியில் ஒரு பங்கு, 15 டிகிரியில் இரண்டு பங்கு சேர்ந்தால் ஏறத்தாழ 40 டிகிரி. தொண்டைக்குச் சுகமான சூடு; ஆனால் டிரம்மில் இருந்த கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கொதிக்க வைப்பதிலும் மலைக்கு ஒரு கணக்கு உண்டு. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு போதும். நேரம்தான் கூடுதலாக வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டி, கொடைக்கானலில் கொதி வந்த பிறகு 3 நிமிடம். அதற்குக் கீழே உள்ள குன்னூர், கோத்தகிரியில் 1 நிமிடம். முதல் குமிழி வந்ததும் அடுப்பை அணைப்பது எந்த ஊரிலும் கணக்கில் சேராது.

தண்ணீரால் வரும் நோய் உடனே காட்டிக்கொடுக்காது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறோம். டைபாய்டு தலைகாட்டப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ வகைக்கு 15 முதல் 50 நாள். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளாகும்போது மலையில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீர் யாருக்கு நினைவு வரும்? டாக்டரிடம் போனால் எங்கே, எப்போது பயணம் போனீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஹோட்டலில் "சுடுதண்ணி கொடுங்க" என்பதோடு நிறுத்தாமல், "கொதிக்க வெச்சதா, விளாவுனதா அண்ணா?" என்று கேளுங்கள். பரிமாறுபவர் தயங்கினால், கொதிக்கிற தண்ணீரையே உங்கள் எவர்சில்வர் பாட்டிலில் வாங்கி ஆறவைத்துக் குடியுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தடை இருப்பதால், எப்படியும் பாட்டில் கையில் இருக்க வேண்டும். தண்ணீர் ஏடிஎம்களிலும் பிடித்துக்கொள்ளலாம். டீக்குப் பயமில்லை, பாலும் டிகாஷனும் கொதித்தவை. ஆனால் கிளாஸை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் கிளாஸில் கொதிநீர் ஊற்றிக் கழுவித் தரச் சொல்வதில் தவறே இல்லை.

அதே டிரம் தண்ணீர்தான் தேங்காய்ச் சட்னிக்குள்ளும் போகிறது. சட்னி அடுப்பில் ஏறுவதில்லை. தாளிப்பின் சூடு மேலாகத்தான் படும். சமவெளியில் பத்து மணிக்கெல்லாம் சட்னி புளித்து நாக்கு எச்சரித்துவிடும். மலையில் அந்த எச்சரிக்கை தாமதமாகிறது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் மெதுவாக்குகிறது. நேற்று மிஞ்சிய சட்னியின் மேல் இன்று அரைத்ததை ஊற்றினாலும் வாசனையில் தெரியாது. சந்தேகம் இருந்தால் வதக்கி அரைத்த தக்காளிச் சட்னியோ கொதிக்கிற சாம்பாரோ போதும்.

சாம்பாரிலும் மலைக் குளிர் கண்ணை ஏமாற்றும். குளிர்ந்த காற்றில் 45 டிகிரி சாம்பார்கூட நன்றாக ஆவி பறக்கும். பரிமாறும் உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் விரல் நுனி பட்டால் வெடுக்கென்று எடுத்துவிடுவோம். ஆறிய வாளியில் மிச்சமானதை அண்டாவில் கொட்டி, கொதிக்கவிடாமல் மறுபடி மொண்டு வருவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒவ்வொரு முறையும் அண்டாவின் சூடு இறங்கும். பருப்புச் சாம்பார் வெதுவெதுப்பில் மணிக்கணக்காக நின்றால் வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பொங்கலை எட்டரைக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. வெந்த அரிசியிலும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். அணைந்த அடுப்பின் மேல் பொங்கல் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை பெருகி நஞ்சு உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் போகாது. பதினொரு மணிக்குப் போய்ப் பொங்கல் கேட்காதீர்கள். அந்த நேரத்துக்குக் கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் தோசைதான் சரி.

இட்லிக்கு வேறு சிக்கல். மாவு நன்றாகப் பொங்க 25 முதல் 30 டிகிரி வேண்டும். மலை இரவில் அது கிடைக்காததால் எட்டு, பத்து மணி நேர வேலை ஒரு நாள்வரை இழுக்கும். அக்கறையுள்ள கடைகள் மாவுப் பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்பங்கரையில் வைக்கின்றன. அவசரக் கடையில் சோடா உப்பு கூடிவிடும். இட்லியில் மஞ்சள் புள்ளி, நாக்கில் சவர்க்காரச் சுவை இரண்டும் அதன் அடையாளம். நடுவில் பிட்டால் பிசுக்கென்று ஒட்டினால் வேகவில்லை. குறைந்த கொதிநிலையில் ஈட்டுக்கு இன்னும் சில நிமிடம் தேவை.

சாப்பிட்டு மலை இறங்கும்போது வாந்தி வந்தால் கொண்டை ஊசி வளைவுகளின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். வளைவால் வந்த குமட்டல் வண்டி நின்று சிறிது நேரத்தில் தணியும். நின்ற பிறகும் தொடர்ந்தால், காய்ச்சலோ பேதியோ சேர்ந்தால், உடன் சாப்பிட்டவருக்கும் அப்படியே இருந்தால், உணவைச் சந்தேகியுங்கள். உணவில் ஏற்கெனவே உண்டான நஞ்சு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ரத்தம் கலந்து போனாலோ குழந்தை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ வழியில் உள்ள மருத்துவமனையிலேயே நிறுத்துங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கடையை அடையாளம் காண்பது எளிது.