மடியின் கனமும் மேசையின் வரம்பும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில், முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, பவானி ஜமக்காளத்தின் மேல் நடந்த மூன்று சீட்டு ஆட்டத்தை ஒருவரின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு அருமையான சீட்டு விழுந்திருந்தது. ஆனால் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. எதிரில் இருந்தவரோ நோட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கடன் கேட்டும் கிடைக்காமல் இவர் சீட்டைக் கவிழ்த்துவிட, மடி கனத்தவர் மொத்தத்தையும் வாரிக்கொண்டார். கேசினோவின் போக்கர் மேசையில் இது நடக்காது. ஏன் நடக்காது என்பதில்தான், மேசைக்கு எவ்வளவு பணம் கொண்டுவரலாம் என்ற பணவரம்பின் கணக்கு தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவின் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களுக்குப் போனால் இந்த மேசைகளைக் காணலாம். மேசையின் பெயரே 100–200 என்பதுபோல இருக்கும். சீட்டுப் போடுவதற்கு முன்பே ஒருவர் 100 ரூபாயும் அடுத்தவர் 200 ரூபாயும் கட்டாயமாக வைக்க வேண்டும் என்பது அதன் பொருள். இவற்றுக்குச் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று பெயர். நம் ஊர் மூன்று சீட்டில் சீட்டைப் பார்க்காமல் ஆடுவதைத்தான் பிளைண்ட் என்கிறோம். இங்கே பொருள் சற்று வேறு. போக்கரில் ஒருவரது பணத்தை ரூபாயில் அளப்பதைவிட அது எத்தனை பெரிய பிளைண்டுக்குச் சமம் என்று அளப்பதே பொருத்தம். 20,000 ரூபாய் இந்த மேசையில் 100 பிளைண்ட். 1,000–2,000 மேசையில் வெறும் பத்து.

ஒரு கை, அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டம், தொடங்கியபின் சட்டைப்பையிலிருந்து பணம் எடுக்கக் கூடாது, மேசைமேல் இருப்பதே பணம் என்பது அடிப்படை விதி. 8,000 வைத்திருப்பவரும் ஒரு லட்சம் வைத்திருப்பவரும் மோதினால், சிறியவர் தம்மிடமுள்ள அனைத்தையும் வைத்துவிட்டுக் கடைசிச் சீட்டுவரை இருக்கலாம். பெரியவரும் அவருக்கு எதிராக 8,000-க்குமேல் இழக்கவோ வெல்லவோ முடியாது. ஆழ்கிணறாகவே இருந்தாலும் கயிறு எட்டும் மட்டும்தானே நீர் இறைக்க முடியும். இருவரில் யாருடைய கயிறு குட்டையோ அதுவே ஆட்டத்தின் ஆழம்.

அப்படியானால் உச்ச வரம்பு எதற்கு? பல மேசைகளில் உட்காரும்போது குறைந்தது 40, அதிகம் 100 பிளைண்ட் என்று வைத்திருப்பார்கள். 200 வரை விடும் இடங்களும் உண்டு. நூறு என்ற எண்ணில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. இருவர் தலைக்கு 600 போட்டு, நடுவில் 1,200 சேர்ந்திருக்கிறது, இன்னும் மூன்று பந்தயச் சுற்றுகள் இருக்கின்றன என்று கொள்வோம். நடுவில் உள்ள அளவுக்கே ஒருவர் பந்தயம் கட்டி மற்றவர் ஈடுகொடுத்தால், குவியல் ஒவ்வொரு சுற்றிலும் மும்மடங்காகும்: 3,600, 10,800, 32,400. மூன்று சுற்றுகளில் தலைக்கு 16,200 உள்ளே போய்விடுகிறது. 20,000 உள்ளவர் மூன்று சுற்றிலும் யோசித்து முடிவெடுக்கலாம். 8,000 உள்ளவருக்கு இரண்டு சுற்றுக்குப்பின் மிஞ்சுவது 2,600 மட்டுமே. மூன்றாவதில் முழுப் பந்தயம் கட்ட வழியில்லை. 2,000 மட்டும் கொண்டுவருபவரின் ஆட்டம் முதல் சுற்றிலேயே அநேகமாக முடிந்துவிடும்; குறைந்தபட்ச வரம்பு அத்தகைய மொட்டை ஆட்டத்தைத் தவிர்ப்பதற்கே.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் செலவுண்டு. பிளைண்ட் வைக்கும் முறை ஒவ்வொரு கைக்கும் அடுத்தவருக்கு நகரும். ஒன்பது பேர் மேசையில் அது எல்லோரையும் ஒருமுறை சுற்றி வந்தால் தலைக்கு 300 ரூபாய் போகும். மணிக்கு முப்பது கை நடந்தால் அது ஏறத்தாழ 1,000. ஒரு கைகூட ஆடாமலே 8,000 எட்டு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

கேசினோ இந்த ஆட்டத்தில் கட்சிக்காரர் அல்ல. ஒவ்வொரு குவியலிலும் ஒரு பங்கை, ஓர் உச்ச அளவுக்கு உட்பட்டு, கழித்துக்கொள்வதே பெரும்பாலான இடங்களில் அதன் வருமானம். ஒரே கையில் மூவர் காலியாகி எழுந்துபோனால் மேசை கலைந்து அந்த வரும்படி நின்றுவிடும். ஆகவே ஆட்டக்காரர்மேல் உள்ள அக்கறை என்பதைவிட மேசையின் ஆயுள்மேல் உள்ள அக்கறையே வரம்பை எழுதுகிறது என்பேன்.

வென்ற பணத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. அதில் ஒரு பகுதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடவும் விடமாட்டார்கள். எனவே பணம் மேசையிலேயே தேங்குகிறது. மேசையில் அதிகம் வைத்திருப்பவருக்கு இணையாகப் புதியவரும் கொண்டுவரலாம் என்று சில இடங்களில் அனுமதிப்பதால், இரவு ஏற ஏற ஆழம் கூடுகிறது. மாலையில் நூறு பிளைண்டோடு தொடங்கிய மேசை நள்ளிரவில் முந்நூறில் நிற்கும். பலகையில் மட்டும் அதே 100–200.