அப்பா உயிரோடு இருந்தாலும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு: குமரியில் தாய்மாரைத் திருப்பி அனுப்பும் இடங்கள்

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து நீரோடியிலிருந்து குளச்சல் வரை கடப்புறத்திலும் (கடற்கரை ஊர்களிலும்), குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக் குடும்பங்களிலும் கையில் ஒரு நோட்டோடு போய்ப் பிள்ளைகளிடம் பேசி வருகிறோம். பெரியவர்களைக் கேட்டால் பெரியவர்களின் கஷ்டத்தைத்தான் சொல்வார்கள். அதனால் பிள்ளைகளையே கேட்டோம்: பள்ளிக்கூடம் போக எது தடையாக இருக்கிறது?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய அப்பா கேரளத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அம்மா அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குப் போகிறார். பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். "கணவர் இறந்த சான்று இருக்கா? இல்லையா? அப்போ கிடையாது" என்று அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா எங்களிடம் கேட்டார்: "அவரு செத்திருந்தா பிள்ளைக்குக் கிட்டியிருக்கும், இல்லியா?"

அவருக்குச் சொல்லப்பட்டது தவறு. அந்தப் பிள்ளைக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தது.

திட்டத்தின் பெயர் மிஷன் வாத்சல்யா, பிள்ளைகளின் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டம். அதற்குள் வரும் நிதி ஆதரவைத்தான் அலுவலகத்தில் 'ஸ்பான்சர்ஷிப்' என்கிறார்கள். நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள், அதுதான் சட்டென்று புரியும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 45-ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. முன்பு மாதம் 2,000 ரூபாயாக இருந்தது, இப்போது ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது முடியும்வரை. பின்னணி இவ்வளவு போதும்.

தகுதி யாருக்கு? தாய் விதவையாகவோ, விவாகரத்து ஆனவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருக்கும் பிள்ளைகளுக்கு உண்டு. பெற்றோர் இருவரும் இல்லாமல் பாட்டி, சித்தி, மாமா வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு உண்டு. அப்பாவோ அம்மாவோ உயிருக்கு ஆபத்தான நோயில் கிடந்தாலும், விபத்தில் முடங்கிப் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனாலும் உண்டு. வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, சின்ன வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பிள்ளை, கொடுமைக்கு ஆளான பிள்ளை, இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்ட பிள்ளை எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். இறப்புச் சான்று இவர்களில் சிலருக்கு மட்டும்தான் தேவைப்படும்.

குழப்பம் வரும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு 'அன்புக்கரங்கள்' என்று மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அது இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அதாவது அதில் ஒரு மரணமாவது இருக்க வேண்டும். ஸ்பான்சர்ஷிப்பில் அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் கவுன்டரில் இருப்பவர் பலரைத் திருப்பி அனுப்புகிறார். "நான் கேட்பது அன்புக்கரங்கள் இல்லை சார், வாத்சல்யா ஸ்பான்சர்ஷிப்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வருமானச் சான்றில் இருக்கும் பொறி

நாங்கள் பார்த்ததில் இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப் பகுதியில் 72,000 ரூபாய்க்குள்ளும் மற்றப் பகுதிகளில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. 72,000 என்றால் மாதம் ஆறாயிரம்.

வில்லேஜ் ஆபீசில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. வழக்கமாக எழுதும் ஒரு தொகையை எழுதிவிடுவார்கள். 84,000 என்று எழுதிய சான்றோடு ஒரு தாய் வந்தார். அவருக்கு நிலையான வேலையே கிடையாது. கல்லூரி உதவித்தொகைக்கு அந்தச் சான்று போதும். ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு கிராம ஊராட்சிப் பிள்ளையை அது வெளியே தள்ளிவிடும். ஆகவே இ-சேவையில் விண்ணப்பம் போடும்போதே உண்மையான கூலியைச் சொல்லுங்கள். எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சான்று கைக்கு வந்ததும் முதலில் தொகையைப் பாருங்கள். தவறாக இருந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள். மேலே போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

நம் மாவட்டத்துக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குமரியில் கிராம ஊராட்சிகள் 95-தான். மற்ற இடங்களில் பெரும்பாலானவை பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 100-க்கு 82 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். தோப்பும் குளமும் ரப்பர் காடுமாகப் பார்த்தால் கிராமம்தான். ஆனால் குலசேகரம், அருமனை, கருங்கல், புதுக்கடை, மணவாளக்குறிச்சி எல்லாம் பேரூராட்சிகள். பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி, ஆகவே அங்கே 96,000 வரம்பைத்தான் பார்க்க வேண்டும். "நீங்க கிராமம், 72,000-க்கு மேல போச்சு" என்று யாராவது சொன்னால், வீட்டு வரி ரசீதில் பேரூராட்சியின் பெயர் இருப்பதைக் காட்டுங்கள். இந்த ஒரு ரசீதை வைத்தே நிராகரித்த மனுவைத் திரும்ப எடுக்க வைத்திருக்கிறோம்.

இன்னொரு பொறி ரேஷன் கார்டு. கணவர் வீட்டுக் கார்டிலேயே பெயர் இருந்தால் மாமனார், கொழுந்தன் வருமானமெல்லாம் உங்கள் குடும்ப வருமானமாகிவிடும். கைவிடப்பட்டுப் பிறந்த வீட்டில் இருக்கும் பெண்கள், அண்ணன் கார்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதே கதைதான். முடிந்தால் முதலில் தனிக் கார்டுக்குப் போடுங்கள். உடனே கிடைக்காவிட்டாலும் தனியாகச் சமைத்து வாழ்வதை மனுவில் எழுதுங்கள்.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். அவசரப்பட்டு முதலிலேயே வாங்கி வைத்துவிட்டு மற்ற காகிதங்களுக்கு எட்டு மாதம் அலைந்தால், மனு மேலே போகும்போது அது காலாவதியாகியிருக்கும். ஆகவே அதைக் கடைசியாக வாங்குங்கள்.

"கைவிட்டுப் போனதற்கு என்ன ஆதாரம்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆதரவற்ற பெண்களுக்கான ஓய்வூதியத்தில் கணவர் பிரிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த நினைப்பிலேயே சிலர் இங்கும் ஐந்து ஆண்டு கேட்கிறார்கள். ஸ்பான்சர்ஷிப் வழிகாட்டு நெறியில் அப்படி ஒரு கால வரம்பு இல்லை. ஓய்வூதிய விதியை ஒரு பிள்ளையின் மனுமேல் ஏற்றுவது அநியாயம். "அந்த வரியைக் காட்டுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள், கேட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

கைவிடப்பட்டவர் சான்று தாசில்தார் அலுவலகம் தருவது. இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம், 60 ரூபாய். காவல் நிலையத்தில் முன்பு கொடுத்த புகாரின் ரசீது, வார்டு உறுப்பினர் அல்லது பங்குக் கோவிலிலிருந்து (தேவாலயத்திலிருந்து) ஒரு கடிதம், பள்ளியில் தாயின் கையெழுத்து மட்டும் இருக்கும் பதிவுகள் எல்லாம் உதவும். பங்குக் கடிதம் தனியே செல்லாது, துணைக்குத்தான்.

கடப்புறத்துப் பிரச்சினை வேறு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்தவராகக் கருத முடியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த ஏழு ஆண்டு என்ற சொல்லைக் கேட்டுத் தூத்தூர் பகுதிப் பெண்கள் பட்டது இன்னும் மறக்கவில்லை. பிள்ளைக்கு ஏழு ஆண்டு காத்திருக்க வழியில்லை. ஆறு வயதில் அப்பாவை இழந்தால் பதின்மூன்று வயதில்தான் காகிதம் வரும். அதனால் இப்படிப்பட்ட வீடுகளுக்கு நாங்கள் சொல்வது: இறப்புச் சான்றுக்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். காணவில்லை என்ற முதல் தகவல் அறிக்கையின் நகலை வைத்து, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று நேரே குழந்தைகள் நலக் குழுவின் முன் போங்கள். அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "குழு இன்னைக்கு இல்லை, அடுத்த மாசம் வாங்க" என்றால் நம்ப வேண்டாம்.

கொச்சியிலோ குஜராத்திலோ தொழிலுக்குப் போன இடத்தில் இறந்தவரின் இறப்பு, அது நடந்த ஊரில்தான் பதிவாகும். நம் பேரூராட்சியில் எத்தனை முறை கேட்டாலும் வராது. அதே மாதிரி, திருவனந்தபுரத்தில் பிறந்த பிள்ளைக்குக் கேரளப் பிறப்புச் சான்றே போதும். "தமிழ்நாட்டுச் சான்று கொண்டு வா" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பெயர்களை ஒத்துப்பாருங்கள். பிறப்புச் சான்றில் ஞானஸ்நானப் பெயர், பள்ளியில் வேறு பெயர், ஆதாரில் இன்ஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், பணம் வரும் கட்டத்தில் சிக்கும். ஆதாரைத் திருத்துவதை இன்றைக்கே தொடங்குங்கள்.

ஹாஸ்டல்

"ஏன் கஷ்டப்படுறீங்க, பிள்ளையை ஒரு இல்லத்துல விட்டுடுங்க" என்று உதவி செய்வதுபோல் சொல்வார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வறுமைக்காகப் பிள்ளை வீட்டைப் பிரியக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பணமே.

பொறி என்னவென்றால், பிள்ளை ஹாஸ்டலிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ சேர்ந்தால் இந்த உதவி நின்றுவிடும். மனு போட்டுவிட்டு, பணம் வரத் தாமதமாகிறது என்று ஜூன் மாதம் போர்டிங்கில் சேர்த்துவிட்ட தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு ஆள் வந்தார், பிள்ளை வீட்டில் இல்லை, முடிந்தது. மாறாக, ஏற்கெனவே இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரவும் இந்த உதவியைக் கேட்கலாம். இதை யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்றாலும் நிறுத்துவார்கள். முப்பது நாளுக்கு மேல் போகாமல் இருந்தால் ஆபத்து. உடம்பு சரியில்லை என்றால் விடுப்புக் கடிதமும் மருந்துச் சீட்டும் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.

வீட்டைப் பார்க்க வரும் நாள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையை வைத்துத்தான் மாவட்ட ஒப்புதல் குழு முடிவு செய்யும். சுனாமிக் குடியிருப்பில் கான்கிரீட் வீடு இருக்கிறது, டிவி இருக்கிறது என்று பார்த்துவிட்டு 'வசதி உண்டு' என்று எழுதிப் போன கதை உண்டு. விதி கேட்பது வருமானத்தை, கூரையை இல்லை. அந்த வீடு எப்படி வந்தது, கடன் எவ்வளவு என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "எப்படியோ ஓடுது" என்று சொன்னால் அறிக்கையிலும் அதுதான் ஏறும்.

பிள்ளையையும் பேச விடுங்கள். தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை நெறிகளில் ஒன்று. பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் நேராகச் சொல்வார்கள். லீவுக்கு மீன் கம்பெனிக்குப் போனதை, டியூஷனை நிறுத்தியதை.

விண்ணப்பப் படிவம் இலவசம். வாட்ஸ்அப்பில் சுற்றும் படிவத்தை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள், 'பேசி முடித்துத் தருகிறேன்' என்று வருபவரிடம் ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள். படிவமும் விவரமும் நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கிடைக்கும். போக முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பிள்ளையே கூப்பிடலாம்.

நீரோடியிலிருந்து நாகர்கோவில் வந்து போக ஒரு நாள் கூலி போகும். ஆகவே வெறும் பேச்சோடு திரும்பி வராதீர்கள். மனுவின் இரண்டாம் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை எங்கேயும் எதிர்க்க முடியாது. பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: 'இந்தத் தேதியில் கொடுத்த மனு இப்போது யார் மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது?' முப்பது நாளில் பதில் தர வேண்டும். பல கோப்புகள் அந்தக் கேள்வி போன பிறகுதான் நகர்ந்தன.

முதலில் சொன்ன அந்தப் பெண்பிள்ளை இரண்டாவது மனுவைத் தன் கையாலேயே எழுதினாள். ஒன்றரைப் பக்கம். அப்பா போன வருடம், அம்மாவின் வாரக் கூலி, தம்பியின் வகுப்பு, பேரூராட்சியின் பெயர். கடைசி வரியில் தம்பிக்கும் சேர்த்துத் தனி மனு இணைத்திருப்பதாக எழுதியிருந்தாள். நாங்களே விட்டுவிட்டது அது. உதவி ஒரு பிள்ளைக்கு என்றுதான் கணக்கு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவருக்கும் போடுங்கள்.