தூக்குநூல்: ஆமோஸ் கண்ட தீர்ப்பு

தூக்குநூல் என்பது நுனியில் குண்டு கட்டித் தொங்கவிடும் கயிறு. சுவர் சாயாமல் எழும்புகிறதா என்று கொத்தனார் இதை விட்டுத்தான் பார்ப்பார். வேலையிடத்தில் தூக்குக்குண்டு என்பார்கள். தமிழ் வேதாகமத்தில், தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகத்தில் (7:7-8) இது தீர்ப்பைக் குறிக்கும் சொல்லாக வருகிறது.

எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது 'அனாக்'. பழைய ஏற்பாட்டில் இந்த இரண்டு வசனங்களில் மட்டும் நான்கு முறை வரும் சொல் அது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடமில்லாததால் மொழிபெயர்த்தவர்கள் ஆளுக்கொரு பொருள் கண்டார்கள். எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு 'அதமாஸ்', அதாவது எதற்கும் உடையாத கடினப் பொருள் என்றது. இலத்தீன் வுல்காத்தா கொத்தனாரின் கரண்டி என்றது. தூக்குநூல் என்ற பொருளைத் தந்தவர்கள் இடைக்கால யூத உரையாசிரியர்கள். எபிரெயத்துக்கு உறவான பழைய அக்காடிய மொழியில் 'அன்னாகு' வெள்ளீயத்தைக் குறிப்பதால், ஆமோஸ் கண்டது உலோகத்தைத்தான் என்று இக்கால அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனாலும் மதிலும், அதன்மேல் நிற்கும் ஆண்டவரும், அவர் கையில் ஒரு பொருளும் என்ற அந்தக் காட்சிக்குத் தூக்குநூலே பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

ஆமோஸ் யூதாவின் தெக்கோவா ஊர்க்காரர். மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், வடக்கே இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசினார். நாடு அப்போது செழித்திருந்தது. செல்வர்கள் தந்தக் கட்டில்களில் சாய்ந்திருந்தார்கள். அதே நாட்டில் ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள், மரக்காலைக் குறைத்துக் கள்ளத்தராசில் நிறுத்தார்கள். முதலில் வெட்டுக்கிளியும் அடுத்து அக்கினியும் தரிசனமாக வந்தபோது, யாக்கோபு (இஸ்ரவேல்) சிறுத்துப்போனானே என்று ஆமோஸ் மன்றாடினார். இரண்டு முறையும் தண்டனை நின்றது. மூன்றாவதாகத் தூக்குநூல் வந்தபோது அவர் மன்றாடவில்லை. வெட்டுக்கிளியும் நெருப்பும் வெளியிலிருந்து வருபவை, இரக்கம் கேட்கலாம். சுவரின் சாய்வோ சுவரிலேயே இருக்கிறது. நூல் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, யூதாவுக்கு ஓடிப்போ என்று ஆமோஸை விரட்டினான். கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

ஏசாயா 28:17இலும் தமிழில் தூக்குநூல்தான், ஆனால் எபிரெயம் வேறு: 'மிஷ்கோலெத்'. நிறுத்தலைக் குறிக்கும் 'ஷாகல்' என்ற வேரிலிருந்து வந்தது. எடை அளவான சேக்கலும் அதே வேர்தான். நீதியே அங்கே தூக்குநூல்.

தமிழில் 'நூல்' என்ற சொல் இந்தப் பொருளுக்கு ஏற்கெனவே பழகியது. தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல மனக்கோட்டம் தீர்ப்பதே நூலின் மாண்பு என்கிறது நன்னூல்.

பிரசங்கங்களில் இந்தத் தரிசனத்தை விளக்கும்போது 'அளவுகோல்' என்று சொல்லிவிடுகிறோம். கோல் நீளத்தை அளக்கும். இஸ்ரவேலில் பண்டிகைக்கும் பலிக்கும் பாட்டுக்கும் அளவில் எந்தக் குறையும் இல்லை. அவற்றை வெறுக்கிறேன் என்றே ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்கிறார். கோலால் அளந்திருந்தால் அந்த மதில் தேறியிருக்கும். ஆகவே இங்கே தூக்குநூல் என்றே சொல்ல வேண்டும்; பேச்சில் தூக்குக்குண்டு என்றாலும் சரிதான்.