சாட்டிலைட் திருநள்ளாற்றில் நின்றால் என்ன ஆகும்?

திருவாரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் ஒரே செய்தியில் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். முதலாவது: "ஐப்பசி, கார்த்திகை முழுக்க எங்கள் பக்கம் வானமே தெரியாது. யார் நட்டிருக்கிறார்கள், யார் தரிசாகப் போட்டிருக்கிறார்கள் என்று சாட்டிலைட்டில் பார்த்துவிட்டோம் என்கிறார்களே, அது எப்படி சார்?" இரண்டாவது: "சாட்டிலைட் எல்லாம் திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வந்தால் மூன்று விநாடி நின்றுவிட்டுத்தான் போகிறதாமே?"

இரண்டாவது கேள்வி பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் சரக்கு. சனிப்பெயர்ச்சி வந்தால் அதற்குப் புது உயிர் வந்துவிடும். வழக்கமாகப் படித்ததும் அழித்துவிடுவேன். ஆனால் முதல் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று தோன்றியது. மேகத்தைத் தாண்டி நெல் வயலைப் பார்க்கிற சாட்டிலைட், ஓடுவதால்தான் பார்க்கிறது. நின்றால் வயலும் தெரியாது, கோயிலும் தெரியாது.

முதலில் மேகத்தை முடித்துவிடலாம். சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்களுக்குச் சூரிய ஒளி வேண்டும். ஒளியின் அலைநீளம் மேகத்தின் நீர்த்துளியைவிடச் சிறியது என்பதால் துளிகளில் பட்டுச் சிதறிவிடும், படத்தில் வெள்ளையாக மேகம்தான் விழும். ரேடார் செயற்கைக்கோளோ தானே ரேடியோ அலையை அனுப்பி, அதன் எதிரொலியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகத்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு இருக்கும். அவ்வளவு சிறிய துளிகளை இந்த அலை பொருட்படுத்துவதே இல்லை. ராத்திரியா பகலா என்ற கவலையும் கிடையாது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சென்டினல்-1 தரையிலிருந்து 693 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் ஆன்டெனாவின் நீளம் 12.3 மீட்டர். ஆன்டெனா எவ்வளவு நீளமோ அவ்வளவு குறுகலாகக் கற்றை விழும் என்பது பள்ளியில் படித்த அலை இயற்பியல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த 12 மீட்டர் ஆன்டெனாவின் கற்றை தரைக்கு வந்து சேர்வதற்குள், அது ஓடும் திசையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. அதற்குள் இரண்டு மூன்று ஊர்களே அடங்கிவிடும். ஒரு மா அளவுள்ள சின்ன வயலை அதில் எங்கே தேடுவது? 20 மீட்டர் அளவுக்குப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆன்டெனா வேண்டும். அதை ராக்கெட்டில் வைத்து அனுப்ப வழியில்லை. ஆனாலும் சென்டினல்-1 அந்த 20 மீட்டரைப் பிரித்துக் காட்டுகிறது. எப்படி?

நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் சைரன் கீச்சென்று கேட்கும், கடந்து போனதும் சுருதி இறங்கிவிடும். டாப்ளர் விளைவு, தெரிந்ததுதான். ரேடாரிலும் அதேதான் நடக்கிறது. கற்றைக்குள் இருக்கும் ஒரு வரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் அதை நெருங்கும்போது அதன் எதிரொலியின் அதிர்வெண் கொஞ்சம் கூடி இருக்கும். சரியாகப் பக்கவாட்டில் வரும் கணத்தில் வித்தியாசம் பூஜ்யம். தாண்டிய பிறகு குறையும். பக்கத்து வரப்புக்கும் இதே கதைதான், ஆனால் அதன் பூஜ்யம் ஒரு நொடியின் சின்னஞ்சிறு பகுதி தள்ளி வரும். ஆக, 4 கிலோமீட்டருக்குள் கிடக்கும் ஒவ்வொரு இடமும் "நான் இன்ன கணத்தில் உனக்கு நேரே இருந்தேன்" என்று தன் எதிரொலியிலேயே எழுதி அனுப்பிவிடுகிறது.

செயற்கைக்கோள் விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலிகளை அலையின் ஏற்ற இறக்கம் பிசகாமல் பதிவு செய்துகொள்கிறது. அப்புறம் தரையிலுள்ள கம்ப்யூட்டர், ஓடும் வழியில் வெவ்வேறு இடங்களில் கேட்ட அந்த எதிரொலிகளையெல்லாம் ஒரே நீண்ட ஆன்டெனா ஒரே சமயத்தில் கேட்டது போலச் சேர்த்துவிடுகிறது. இல்லாத ஆன்டெனாவை ஓட்டத்தாலும் கணக்காலும் கட்டி எழுப்பும் இந்த யோசனையை 1951-இல் சொன்னவர் கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

இப்போது அதே செயற்கைக்கோளைத் திருநள்ளாற்றில் நிறுத்திப் பாருங்கள். ஓட்டம் இல்லையென்றால் டாப்ளர் வித்தியாசம் இல்லை. கோயில் கோபுரம், நளதீர்த்தம், சுற்றியுள்ள வயல்கள் எல்லாம் 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே தீற்றலாகிவிடும். அது மட்டுமா, அந்த உயரத்தில் வேகத்தை இழந்த பொருள் அங்கேயே தொங்காது, கீழே விழத் தொடங்கும். மூன்று விநாடி நின்று மறுபடி ஏழரை கிலோமீட்டர் வேகம் பிடிக்க இன்னொரு ராக்கெட்டே வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ரேடார் தனக்கு நேர் கீழே பார்ப்பதே இல்லை. அப்படிப் பார்த்தால், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தூரத்தில் இருப்பவை ஒரே நேரத்தில் எதிரொலித்துக் குழப்பிவிடும். அதனால் எப்போதும் வலப்பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிவாக்கில் வடக்கிலிருந்து தெற்கே போகும் சென்டினல்-1 ஒருவேளை திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வந்தால், அதற்கு வலப்பக்கம் மேற்கு. அந்த நேரத்தில் அதன் பார்வை பாலக்காட்டையும் தாண்டிக் கேரளத்தின் மேல் இருக்கும். கோயிலுக்குப் போவதும் கும்பிடுவதும் அவரவர் விருப்பம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் இந்தக் கதையை நாசா பெயரைச் சொல்லிப் பரப்புகிறவர்கள் அதோடு ஒரு வரியாவது இயற்பியல் எழுதியிருக்கலாம்.

சரி, வயலுக்கு வருவோம். நடவுக்கு முன் சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் சமதளம். சாய்வாக வந்து விழும் அலை அப்படியே எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பாது. படத்தில் கருப்பு. நாற்று நட்டுத் தூர் கட்டத் தொடங்கியதும், அலை தண்ணீரில் பட்டுத் தண்டில் மோதி வந்த வழியே திரும்புகிறது. இலைகளுக்குள் புகுந்து பல பக்கமும் சிதறவும் செய்கிறது. வாரத்துக்கு வாரம் அந்த இடம் வெளுத்துக்கொண்டே வரும். முதலில் சட்டென்று கருப்பு, பிறகு சீரான ஏற்றம் என்று வரைபடத்தில் விழும் இந்தக் கோடு நெல்லின் அங்க அடையாளம். கரும்பும் தென்னையும் இப்படிச் செய்வதில்லை. இறால் குட்டை கருத்தே கிடக்கும்.

மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது டெல்டாவின் மூன்று படங்களைக் கொடுப்பேன்: செப்டம்பர், அக்டோபர் கடைசி, டிசம்பர். முதல் படத்துக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்கு நீலம் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வேன். எப்போதும் பளிச்சென்று எதிரொலிக்கும் ஊர்க்கட்டடங்கள் வெள்ளையாகிவிடும். குளம் கருப்பாகவே இருக்கும். அக்டோபரில் கருத்து டிசம்பரில் வெளுத்த நடவு வயல்கள் நீலமும் கத்தரிப்பூ நிறமுமாகத் திரையில் எழுந்து வரும். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர்களும் தலையைத் தூக்கிவிடுவார்கள்.

அதற்கு மறுநாள் அந்தப் படத்தோடு வயலுக்குப் போக வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. படத்தில் நெல் இல்லை என்று வந்த இடத்தில் நெல் முழங்கால் உயரம் நிற்கும். பெரியவர் ஒருவரைக் கேட்டால், "இது புழுதி விதைப்பு தம்பி, காய்ந்த மண்ணில் விதைத்தோம், முளைத்து ஒரு மாசம் கழித்துத்தான் தண்ணீர் வந்தது" என்பார். தண்ணீர் வரும்போது பயிர் ஏற்கெனவே நிற்கிறது. கருப்பாகும் கட்டம் இந்த வயலுக்கு வரவே இல்லை. நடவுப் பயிரை வைத்து மட்டும் பழக்கிய கணினி இதைத் தவறவிட்டுவிடும். நாகை, திருவாரூர்ப் பக்கம் நேரடி விதைப்பு நிறைய. அதற்கென்று தனி அடையாளக் கோடு சொல்லிக்கொடுக்க வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்க வயலில் நின்று குறித்த தகவல் வேண்டும்.

இது வெறும் பாடம் அல்ல. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து ரேடார் படங்களிலிருந்து நெல் பரப்பைக் கணக்கிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, விதைக்கவே முடியாமல் போன ஊர்களைக் கண்டுபிடித்துப் பயிர்க் காப்பீடு கொடுக்க அந்தத் தகவல் உதவியது. கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் நெல் என்று இருந்து, படத்தில் தரிசு என்று வந்தால் யாருடைய பணமோ சிக்கிக்கொள்ளும். ஆகவே உங்கள் பகுதியில் புழுதி விதைப்பு என்றால், தேதியோடு, இருப்பிடம் பதிவாகும்படி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-இலிருந்து இலவசம். 2014-இல் ஏவிய சென்டினல்-1 படங்களும் இலவசம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. அதன் 24 சென்டிமீட்டர் அலை இலையைத் தாண்டித் தண்டையும் மண்ணின் ஈரத்தையும் தொடும், அந்தப் படங்களும் இலவசமே. இந்தப் படங்களைத் திறந்து அலசும் கியூஜிஐஎஸ், ஸ்னாப் போன்ற மென்பொருள்களுக்கும் காசில்லை. இவ்வளவும் சும்மா கிடைக்கும்போது, செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்றுத்தரும் தொலையுணர்வுப் பாடம் பல இடங்களில் எந்த பட்டனை எதற்குப் பிறகு அழுத்த வேண்டும் என்பதோடு முடிந்துபோகிறது. ஆராய்ச்சித் திட்டத்தில் உயர்ரக கம்ப்யூட்டர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். பதினைந்து மாணவர்களை வயலுக்குக் கூட்டிப்போக வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கேட்டால் பத்துக் கேள்வி. நான் பணம் ஒதுக்கும் இடத்தில் இருந்தால் முதலில் வேனுக்குத்தான் கொடுப்பேன்.

கேள்வி அனுப்பிய நண்பருக்கு: உங்கள் ஊரை நீங்களே பார்க்கலாம். கோப்பர்னிகஸ் பிரவுசர் என்று தேடினால் தளம் வரும். சென்டினல்-1-ஐத் தேர்ந்தெடுத்து, பட வகையில் விஎச் (VH) என்பதை வைத்து, உங்கள் வயலில் நடவு நடந்த வாரத்தின் தேதியைக் கொடுங்கள். படம் உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். அது கோளாறு இல்லை, ரேடார் படத்தின் இயல்பு. காற்று பலமாக அடித்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், அலையடிக்கும் தண்ணீர் கருப்பாகத் தெரியாது. அடுத்த படத்துக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப் பாருங்கள்.