எண்ணெய்க் கிணற்றுப் பம்பை மணல் தின்பது எப்படி?

"எண்ணெயே வழுக்கும் பொருள். அதில் ஊறிக் கிடக்கும் பம்ப் எப்படித் தேயும்?" என்று பர்மாவின் தன்லின் ஊர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். (சிரியம் என்று பழைய பெயரைச் சொன்னால்தான் நம் பெரியவர்களுக்குப் புரியும்.) எண்ணெய்க் கிணறுகள் உள்ள யெனாஞ்சாங் ஊருக்குப் போனபோது, கழற்றிப் போட்டிருந்த பிஸ்டன் ஒன்றின் உடம்பெல்லாம் நீளக் கீறல்களைப் பார்த்தாராம்.

மணலின் வேலை அது. எண்ணெய் பூமிக்கடியில் குளமாகத் தேங்கி நிற்பதில்லை, மணற்கல்லின் துளைகளில் இருக்கிறது. கல் இறுகாததாக இருந்தால் எண்ணெயோடு மணலும் வரும். மேலே தலையாட்டும் இயந்திரம், கீழே கம்பி நுனியில் பிஸ்டன், வால்வுக் குண்டுகள்: அடிபம்ப் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை. விட்டக் கணக்கில் பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர்தான், தலைமுடிப் பருமன். அதைவிடப் பெரிய மணல் உள்ளே நுழையாது, எண்ணெயோடு மேலே போய்விடும். மிகச் சிறியது நழுவிப் போகும். வினை அந்த இடைவெளி அளவுக்கே இருக்கும் மணலால்தான். அது இரு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. மாட்டிய மணல் இரண்டில் மென்மையான உலோகத்தில் பதிந்து உட்கார்ந்துகொண்டு, எதிரே உள்ள கடினமான உலோகத்தைக் கீறும். மணல் என்பது குவார்ட்ஸ். சாதாரண எஃகைவிடக் கடினமானது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் கடினமாக்கிவிட்டுத் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. கீறக் கீற இடைவெளி அகலும், நேற்றுவரை வெளியே நின்ற பெரிய மணலுக்கும் வழி கிடைக்கும். ஒவ்வொரு அடிக்கும் எண்ணெய் கீழே கசியும். மேலே இயந்திரம் ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டே இருக்கும், வரத்து மட்டும் குறையும்.

கயிற்றில் பானை கட்டி இறைத்த பழைய யெனாஞ்சாங் கிணறுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பானைக்கு ஏது இடைவெளி?

பம்புக்குத் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்கள் தாராளமாகக் கட்டட்டும். ஆனால் அதற்கு முன் கிணற்று மணலைச் சல்லடைகளில் சலித்து, எந்த அளவு மணல் அதிகம் என்று பார்த்து இடைவெளியைத் தேர்ந்தெடுக்கலாமே. சல்லடைக்குப் பெரிய ஆராய்ச்சி நிதி தேவையில்லை.

இன்னொன்று, கரன்ட். மோட்டாரில் ஓடும் பம்ப் மின்வெட்டில் நின்றால், குழாயில் எண்ணெயோடு மிதந்து ஏறிக்கொண்டிருந்த மணல் மெல்ல இறங்கிப் பிஸ்டன் தலையில் குவியும். கரன்ட் வந்ததும் முதல் இழுப்பிலேயே பிஸ்டன் இறுகிப்போவதும் உண்டு. மணல் கிணற்றுப் பம்பை இரவு பகலாக ஓடவிடுவது அதனால்தான்.