நீலப் புள்ளியை விடுங்கள், வட்டத்தைப் பாருங்கள்

“அண்ணே, ஜிபிஎஸ் போச்சு, மாத்திக் கொடுங்க” என்று நெகிரி செம்பிலான் பகாவில் இருக்கும் எங்கள் ஹேண்ட்ஃபோன் கடைக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் நான் அந்த ஃபோனோடு வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுவேன். வானம் தெரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால், பெரும்பாலான ஃபோன்களில், மேப்பில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி தானாகவே சரியான இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். காசு வாங்க வழியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இது ஆபத்து நேரத்தில் உதவக்கூடிய விஷயம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைப்போம். உங்கள் ஃபோன் ஜிபிஎஸ் செயற்கைக்கோளோடு பேசுவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும், “இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது” என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து ஃபோன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போய்விடும். ஃபோனுக்குள் இருப்பது அணுக் கடிகாரம் இல்லையே. அதனால்தான் இடத்துக்கு மூன்று, தன் கடிகாரத்தைச் சரிசெய்ய ஒன்று என்று குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் அதற்குத் தேவைப்படுகின்றன. இப்போதைய ஃபோன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்பதால் நான்கு கிடைப்பது பெரிய பாடில்லை.

அப்படியானால் டேட்டா எதற்கு? இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதையை முழுதாகப் பிடிக்கவே அரை நிமிடம் தடையில்லாமல் கேட்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணையும் வந்து முடிய பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நடுவில் ஒரு மரம் மறைத்தால் விட்ட பகுதிக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். இந்த விவரத்தையே இணையம் வழியாகச் சில நொடிகளில் ஃபோனுக்குக் கொடுத்துவிடுவதுதான் ஏ-ஜிபிஎஸ் எனப்படும் துணைபெறும் முறை. பக்கத்து ஃபோன் கோபுரத்தை வைத்து ஆள் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதையும் குத்துமதிப்பாகச் சொல்லிவிடும். ஆக, லைன் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், தாமதமாகத்தான் செய்யும். டவுனில் மூன்று நொடியில் வந்தது செம்பனைக்குள் மூன்று நிமிடம் எடுத்தால் ஃபோன் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

ஆனால் அந்த மூன்று நிமிடமும் திரை காலியாக இருக்காது. இதுதான் வம்பு. செயற்கைக்கோள் கிடைக்கும்வரை கோபுரத்தையும் அக்கம்பக்கத்து வைஃபையையும் வைத்து ஃபோன் ஒரு ஊகத்தைப் போட்டுக் காட்டும். தாமான் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு வைஃபை இருப்பதால் ஊகம் ஓரளவு சரியாக அமையும். தோட்டத்தில் ஒரே கோபுரம் பல கிலோமீட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் பெரிய வட்டம் விழுகிறதே, “இதற்குள் எங்கேயோ இருக்கிறார்” என்பதுதான் அதன் பொருள். நடுவில் இருக்கும் புள்ளியை நம்பி யாரும் புறப்பட வேண்டாம்.

ஒரு வாடிக்கையாளரின் மாமனார் குலை வெட்டும்போது சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மருமகன் பதற்றத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்தவுடனே இருப்பிடத்தை மச்சானுக்கு அனுப்பிவிட்டார். மச்சான் கார் போய் நின்றது தோட்டத்தின் வேறு டிவிஷனில். அந்தச் செய்தியை எனக்குக் காட்டியபோது புள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாட்ஸ்அப்பில் “தற்போதைய இருப்பிடம்” என்பதற்குக் கீழே, எத்தனை மீட்டர் வரை துல்லியம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். அது நூற்றுக்கணக்கில் இருந்தால் பொறுங்கள். லோரிப் பாதைக்கோ வெட்டவெளிக்கோ வந்து நில்லுங்கள். அந்த எண் பத்து இருபதுக்கு இறங்கியதும் அனுப்புங்கள். தகரக் கூரைக்கு அடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் எண் இறங்காது. மழையில் நனைந்த செம்பனை மட்டைகளும் அலையை நிறையவே உறிஞ்சிக்கொள்ளும்.

டேட்டா இல்லையா? கூகுள் மேப்பில் நீலப் புள்ளி மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். எங்கள் பக்கம் அவை 2-லும் 102-லும் தொடங்கும். அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், அவசர உதவி எண் 999-க்குப் பேசும்போது வாசித்தும் காட்டலாம். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னால் ஏறக்குறைய 11 மீட்டர் வரை துல்லியம், இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகலாம். கூடவே பிளாக் எண்ணையும் சொல்லிவிடுங்கள். பூட்டிய கேட் எது, லோரி போகும் பாதை எது என்பது தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும், மேப்புக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சிரம்பானிலிருந்து இங்கே மாறி வந்த ஒரு அக்காவின் ஃபோன், வீட்டுக்குள் இருந்தால் சிரம்பான் என்றே காட்டிக்கொண்டிருந்தது. பழைய வீட்டு ரவுட்டரை அவர் கூடவே கொண்டுவந்திருந்தார். அந்த ரவுட்டரின் இடம் இன்னும் பழைய வீட்டுக் கணக்கிலேயே இருந்தது. சில நாளில் தானாகவே மாறிவிட்டது.

கடைக்கு வருவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியது செட்டிங்ஸ்தான். ஆண்ட்ராய்டு 12-லிருந்தும், ஐஓஎஸ் 14-லிருந்தும் ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று தனித்தனியாகக் கேட்கும். ஏதோ அவசரத்தில் தோராயம் என்று தட்டிவிட்டால் மேப் எப்போதுமே பெரிய வட்டத்தைத்தான் காட்டும். பேட்டரி சேமிப்பையும் அணைத்துப் பாருங்கள். டார்ச் விளக்குச் செயலி, விளையாட்டுச் செயலிகளுக்கெல்லாம் துல்லியமான இடம் எதற்கு? அவற்றுக்குத் தாராளமாக “வேண்டாம்” சொல்லலாம். செயற்கைக்கோளுக்கு உங்களைத் தெரியாது, இடத்தை வெளியே கொண்டுபோவது இந்தச் செயலிகள்தான்.

வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவில் கிடைக்கும். வழி சொல்வதற்கு 15 நிமிடமோ ஒரு மணியோ தாராளம். குடும்பக் குழுவில் போடுவதைவிட வருகிறவர் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், அவர் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.